மூளைக்குள் வழி கண்டவர்

நுழையும்முன்

கையில் ஏற்பட்ட காயம் ஆறினால் தழும்பு மட்டுமே எஞ்சும். மூளையிலோ தண்டுவடத்திலோ ஏற்படும் காயம் ஒருவரின் நடையையும் பேச்சையும் நினைவையும் பறித்துச் சென்றுவிடக்கூடும். அவரை நம்பி வாழும் குடும்பத்தின் வாழ்வையும் அது குலைத்துவிடும். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை, இத்தகைய நோயாளிகளுக்கு உரிய அறுவை மருத்துவம் நம் நாட்டில் ஏழைகளுக்கு மட்டுமன்றிச் செல்வர்க்கும் எட்டாத ஒன்றாகவே இருந்தது. அந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். அவருடைய வாழ்வையும் பணியையும் அறிவோம்.

எட்டாத தொலைவு

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உத்தனப்பள்ளி என்னும் ஊர் உள்ளது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் இவ்வூர், நாடு விடுதலை பெற்ற காலத்தில் சேலம் மாவட்டத்தின் ஓசூர் வட்டத்தைச் சார்ந்திருந்தது. அக்காலத்தில் இவ்வூர் உழவர் ஒருவர் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார் என வைத்துக்கொள்வோம். அடிபட்டவர் சற்று நேரம் மயங்கிக் கிடந்து பின் கண் விழிப்பார். எழுந்து அமர்ந்து பேசுவார். நீர் வாங்கிப் பருகுவார். சுற்றி நிற்பவர்கள் ஆபத்து நீங்கியதாகக் கருதி மகிழ்வர். ஆனால், சில மணி நேரத்தில் கடுமையான தலைவலியும் வாந்தியும் தோன்றும். பின் உறக்கம் போன்றதொரு மயக்கம் அவரை ஆட்கொள்ளும். பொழுது விடிவதற்குள் உயிர் பிரிந்துவிடவும் கூடும்.

இதன் காரணத்தை மருத்துவ அறிவியல் தெளிவாக விளக்குகிறது. மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புப் பேழை. அதற்கும் மூளையைப் போர்த்தியுள்ள உறைக்கும் இடையே குருதிக்குழாய் கிழிந்தால், கசியும் குருதி வெளியேற வழியின்றி அங்கேயே திரளும். திரளத் திரள மூளை அழுந்தும். உரிய நேரத்தில் மண்டையோட்டில் துளையிட்டு அக்குருதியை அகற்றினால் நோயாளி பிழைத்து எழுவார். காலம் தாழ்த்தினால் பிழைப்பது அரிது. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே அங்கு இருப்பது சில மணி நேரமும், செய்வது இன்னதென அறிந்த ஒரு மருத்துவரின் கைகளுமே.

ஓசூர்ப் பகுதியிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அன்று அத்தொலைவைக் கடந்து சென்னையை அடைந்தாலும், அங்கும் இதற்கெனத் தனித்துறை இல்லை. மண்டையோட்டு முறிவு போன்றவற்றைப் பொது அறுவை மருத்துவர்களே தம்மால் இயன்ற அளவில் கவனித்து வந்தனர். 1949ஆம் ஆண்டுக்கு முன்னர் மூளை, தண்டுவடம், நரம்பு ஆகியவற்றின் அறுவை மருத்துவத்திற்கெனத் தனித்துறை இந்தியாவில் எங்குமே அமையவில்லை. உத்தனப்பள்ளிக்கு மட்டுமன்று, நாட்டின் எல்லா ஊர்களுக்கும் அது எட்டாத தொலைவிலேயே இருந்தது. இச்சூழலில் சென்னையில் அத்துறையை உருவாக்கியவர் மருத்துவர் பா. இராமமூர்த்தி.

இளமையும் கல்வியும்

திருஞானசம்பந்தர் பிறந்த சீர்காழியில் 1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் இராமமூர்த்தி பிறந்தார். தந்தை பாலசுப்பிரமணியம் அரசு மருத்துவர். நோயும் மருந்தும், துன்புற்று வருவோரும் நலம்பெற்றுத் திரும்புவோரும் இராமமூர்த்திக்கு இளமையிலேயே பழகிய காட்சிகளாயின. திருச்சிராப்பள்ளியில் பள்ளிக் கல்வியை முடித்த அவர், மருத்துவம் பயிலச் சென்னைக்கு வந்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதனோடு இணைந்த அரசுப் பொது மருத்துவமனையின் வரலாறு, 1664ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் அமைந்த சிறு மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறது. நெடிய மரபுடைய இவ்விரு நிறுவனங்களே இராமமூர்த்தியை மருத்துவராக உருவாக்கின. பிற்காலத்தில் அவர் தம் வாழ்நாட் பணியைத் தொடங்கியதும் அங்கேதான். பட்டம் பெற்றபின் அறுவை மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்று, 1947ஆம் ஆண்டில் எடின்பரோ அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியை அடைந்தார். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் அவர் இருபத்தைந்து அகவையினராக இருந்தார்.

பொது அறுவை மருத்துவராகவே நின்றிருந்தால் புகழும் பொருளும் அவருக்கு எளிதில் கிட்டியிருக்கும். அவர் தேர்ந்ததோ கற்பிப்பாரும் கருவிகளும் உள்நாட்டில் இல்லாத ஒரு துறை. அன்று மூளை அறுவையில் இறப்போர் எண்ணிக்கை உலகெங்கும் மிகுதியாக இருந்தது. தோல்விகளைச் சுமக்கும் மனவுறுதி உடையவர்களே அதில் நிலைக்க இயலும் என்பதை அறிந்தே அவர் அவ்வழியைத் தேர்ந்தார்.

கடல் கடந்த பயிற்சி

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரௌபாதம் என்னும் அறுவை மருத்துவரிடம் இராமமூர்த்தி பயிற்சி பெற்றார். தலைக்காயங்களைப் பற்றி விரிவான நூல் எழுதியவர் ரௌபாதம். சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் நிறைந்த அந்நகரில் தலைக்காயம் அன்றாட நிகழ்வு. தொழிற்சாலைகளும் விரைவு ஊர்திகளும் பெருகும் நாட்டில் எத்தகைய மருத்துவம் தேவைப்படும் என்பதை அறிய அப்பயிற்சி துணைநின்றது.

அதன்பின் அவர் கனடா நாட்டின் மாண்ட்ரியால் நரம்பியல் நிறுவனத்திற்குச் சென்றார். அதனை நிறுவியவர் வைல்டர் பென்பீல்டு. வலிப்பு நோயாளிகளுக்கு முழு மயக்கம் தராமல், தலைப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவர்கள் விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்தூண்டலால் ஆராய்ந்தவர் அவர். எப்பகுதி கையை இயக்குகிறது, எப்பகுதி பேச்சை ஆள்கிறது என்பதை அவர் வரைபடமாகவே வகுத்தளித்தார். அந்நிறுவனத்தில் அறுவை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், நோய்க்குறியியல் அறிஞர், ஆய்வாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இணைந்து பணியாற்றினர். சென்னையில் அமைய வேண்டியதும் அத்தகைய நிறுவனமே என்னும் எண்ணத்தைப் பிற்காலத்தில் இராமமூர்த்தி செயலாக்கிக் காட்டினார்.

ஒரு துறையின் பிறப்பு

1950ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய இராமமூர்த்தி, சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவப் பணியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு அகவை இருபத்தெட்டு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கியிருந்தார். கோட்டயத்தில் பிறந்த சாண்டியும் மாண்ட்ரியாலில் பென்பீல்டிடம் பயின்றவரே. ஆக, இந்திய நரம்பியல் அறுவை மருத்துவத்தின் முதல் இரு விளக்குகளும் தமிழ் மண்ணிலேயே ஏற்றப்பட்டன. ஒன்று அறப்பணி நிறுவனத்தில் ஒளிர்ந்தது. மற்றொன்று எளியோர் எவரும் கட்டணமின்றி நுழையத்தக்க அரசு மருத்துவமனையில் ஒளிர்ந்தது.

புதிய துறையை நிறுவுதல் ஓர் அறுவை மருத்துவரால் மட்டும் ஆவதன்று. மூளை வீங்காதவாறு மயக்க மருந்து அளிக்கத் தெரிந்தவர் வேண்டும். எக்ஸ் கதிர்ப் படத்தின் நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டுணர்பவர் வேண்டும். அகற்றிய கட்டியின் தன்மையை உரைக்க நோய்க்குறியியல் வல்லுநர் வேண்டும். அறுவைக்குப் பின் நோயாளியின் கண்மணி அளவையும் நினைவுநிலையையும் இரவு முழுவதும் குறித்துவரும் செவிலியர் வேண்டும். இவர்களுள் ஒருவர் தவறினாலும் அறுவை மருத்துவரின் உழைப்பு வீணாகும். எனவே, தாம் கற்றதைச் செய்வதோடு பிறருக்குக் கற்பிப்பதையும் இராமமூர்த்தி முதற்கடமையாகக் கொண்டார். அவர் தொடங்கிய பணி, மருத்துவர்களை உருவாக்கும் உயர்பட்ட வகுப்பாகவும், 1970களில் சென்னை நரம்பியல் நிறுவனமாகவும் வளர்ந்தது.

காணாததைக் காணுதல்

இன்று மூளையின் படத்தைச் சில நிமிடங்களில் கணினி காட்டிவிடுகிறது. ஆனால், கணினிவழி வெட்டுப்படம் எடுக்கும் கருவி முதன்முதலில் நோயாளி ஒருவருக்குப் பயன்பட்டது 1971ஆம் ஆண்டில், இலண்டனில்தான். இராமமூர்த்தி பணியாற்றிய முதல் இருபது ஆண்டுகளும் அக்கருவி தோன்றாத காலம். எக்ஸ் கதிர்ப் படத்தில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. அப்படியாயின் கட்டி எங்குள்ளது என்பதை எவ்வாறு அறிந்தனர்?

முதல் வழி, நோயாளியின் உடலையே ஏடாகப் படிப்பது. வலக்கை தளர்ந்தால் குறை மூளையின் இடப்பக்கம் இருக்கலாம். நடை தள்ளாடினால் சிறுமூளை நோயுற்றிருக்கலாம். பார்வையின் ஒரு பாதி மட்டும் மறைந்தால் பார்வை நரம்பின் பாதையில் எங்கோ தடை இருக்கலாம். சிறு சுத்தியல், பஞ்சுத்துண்டு, குண்டூசி, கைவிளக்கு ஆகிய எளிய கருவிகளைக் கொண்டு இவற்றை அறிந்தனர்.

அடுத்த வழி, மூளையின் உட்குழிவுகளில் காற்றைச் செலுத்திப் படமெடுப்பது. அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1918ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். காற்று நிறைந்த குழிவுகள் படத்தில் கருமையாகத் தோன்றும். அவை ஒருபுறமாக ஒதுங்கியிருந்தால், எதிர்ப்புறத்தில் கட்டி தள்ளுகிறது எனக் கணிப்பர். மூன்றாவது வழி, போர்த்துகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927ஆம் ஆண்டில் கண்ட குருதிக்குழாய்ப் படமுறை. கழுத்துத் தமனியில் செலுத்தப்படும் சாயம் மூளையின் குருதிக்குழாய்களை மரக்கிளைகளைப் போலப் படத்தில் காட்டும். கிளை விலகியிருக்கும் இடத்தையும் புடைத்திருக்கும் இடத்தையும் கொண்டு நோயை அறிவர்.

இம்முறைகள் நோயாளிக்கு வலியும் இடரும் தருவன. எனவே, சோதனையால் விளையும் தீங்கையும் சோதனையின்றி விடுவதால் விளையும் தீங்கையும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் எடைபோட வேண்டியிருந்தது.

நம் மண்ணின் நோய்கள்

மேலைநாட்டு நூல்கள் கூறியவற்றை அப்படியே ஏற்றுச் செயல்படுவது நம் நாட்டிற்குப் பொருந்தாது என்பதை இராமமூர்த்தியின் பட்டறிவு உணர்த்தியது. ஐரோப்பிய மருத்துவமனைகளில் அன்று அரிதாகிவிட்ட மூளைக் காசநோய்க் கட்டி, சென்னைக்கு வந்த நோயாளிகளிடம் அடிக்கடி காணப்பட்டது. வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் காசநோயைப் பரப்பின. அந்நோய் நுரையீரலோடு நில்லாமல் மூளையையும் முதுகெலும்பையும் தாக்கியது. காசநோய்க்குரிய மருந்துகள் வந்தபின் அறுவையும் மருந்தும் இணைந்து பலரைக் காத்தன. இக்கட்டிகளை எவ்வாறு கண்டறிவது என்பது பற்றி இராமமூர்த்தி தம் துறையினரோடு இணைந்து ஆய்வுரை எழுதினார். இந்திய நோயாளியைப் பற்றிய அறிவு இந்திய மருத்துவமனையில் பிறக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

மூளைத் தமனியில் தோன்றும் புடைப்பு பற்றியும் அவர் ஆராய்ந்தார். தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிவுற்றால், குருதியின் அழுத்தத்தால் அவ்விடம் சிறு பழம்போலப் புடைக்கும். பல்லாண்டுகள் அது எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். ஒருநாள் வெடித்தால், வாழ்நாளில் முன்பு அறிந்திராத கடுமையான தலைவலி திடீரெனத் தாக்கும். அப்புடைப்பின் கழுத்தைச் சிறு உலோகக் கவ்வியால் இறுக்கி, குருதி உள்ளே பாயாமல் தடுக்கும் அறுவையை 1937ஆம் ஆண்டில் டேண்டி செய்து காட்டினார். இதயத் துடிப்பிற்கேற்ப அதிரும் மெல்லிய சுவரை உடையாமல் பிரித்தெடுத்துக் கவ்வியைப் பொருத்துவது அறுவைப் பணிகளுள் மிகக் கடியது.

இந்நோய் மேலைநாடுகளைவிட இந்தியாவில் குறைவாகவே காணப்படுவதாக இராமமூர்த்தி 1969ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். நோய் உண்மையிலேயே குறைவா, அல்லது நோயுற்றோர் மருத்துவமனையை அடையும்முன்பே இறந்துவிடுவதால் குறைவாகத் தோன்றுகிறதா என்னும் வினா அதனையொட்டி எழுந்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் இரண்டாவது காரணத்தையும் வலியுறுத்தினர். மருத்துவமனையின் பதிவேடு, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அறியும். வழியில் மாண்டவர்களை அறியாது. தொலைவிலுள்ள ஊர்களின் துன்பம் கணக்கில் வராமல் போவது எவ்வாறு என்பதை இவ்வாய்வு வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

தண்டுவட நோய்களும் இத்துறையின் பொறுப்பே. முதுகெலும்பின் நடுவே, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுள்ள தண்டுவடம் செல்கிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. கட்டியோ, காசநோயால் உருக்குலைந்த முள்ளெலும்போ, பிதுங்கிய வட்டோ அதனை அழுத்தினால் கால்கள் செயலிழக்கும். அழுத்தத்தை விரைந்து நீக்கினால் பலர் மீண்டும் நடப்பர். நெடுநாள் அழுந்திய தண்டுவடம் மீள்வதில்லை. தலைக்காயத்தைப் போலவே இங்கும் காலமே மருந்து.

துல்லியமும் அறமும்

மூளையின் ஆழத்தில் உள்ள சிறு புள்ளி ஒன்றை, மேலுள்ள பகுதிகளைச் சிதைக்காமல் சென்றடைவது எவ்வாறு? தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று அளவுகளால் அப்புள்ளியைக் கணக்கிட்டு, சிறு துளை வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தும் ஸ்டீரியோடாக்டிக் முறை அதற்கு விடையாயிற்று. இராமமூர்த்தியும் அவர்தம் துறையினரான வெ. பாலசுப்பிரமணியம், சு. கல்யாணராமன், தி.சா. கனகா ஆகியோரும் 1960களிலும் 1970களிலும் இம்முறையில் ஆற்றிய பணியால் சென்னை உலக அரங்கில் அறியப்பட்டது. கைந்நடுக்கத்தால் குவளை நீரையும் சிந்தாமல் பருக இயலாத பார்க்கின்சன் நோயாளிகள் பலர் இம்முறையால் நடுக்கம் தணிந்தனர்.

அக்காலத்தில் கட்டுக்கடங்காத வன்செயல் போன்ற நடத்தைக் கோளாறுகளுக்கும் இம்முறை கையாளப்பட்டது. வேறு மருந்தின்றி, கட்டிவைக்கப்பட்டு வாழ்ந்தவர்களுக்கு அது மாற்றாகக் கருதப்பட்டது. ஆனால், மனித இயல்பையே மாற்றும் அறுவையைச் செய்யும் உரிமை யாருக்கு உண்டு, தன் நிலையை உணராத நோயாளியின் இசைவைப் பெறுவது எங்ஙனம் என்னும் வினாக்கள் உலகெங்கும் எழுந்தன. மருந்துகள் பெருகப் பெருக, அத்தகைய அறுவைகள் அருகின. செய்ய இயல்வதனைத்தும் செய்யத்தக்கன அல்ல என்னும் தெளிவை மருத்துவ உலகம் இத்தகைய பட்டறிவின் வழியாகவே எய்தியது. முன்னோடிகளின் பணியைப் போற்றும்போது, அப்பணி எழுப்பிய வினாக்களையும் சேர்த்தே அறிவது நம் கடன்.

தெரியுமா?

இராமமூர்த்தியின் துறையில் உருவான மருத்துவர் தி.சா. கனகா (1932 – 2018), 1968ஆம் ஆண்டில் நரம்பியல் அறுவை மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் இவரே. உலக அளவிலும் இத்துறையில் நுழைந்த முதற்பெண்கள் சிலருள் ஒருவர். மூளையில் நிலையாக மின்முனைகளைப் பொருத்தும் பணியை 1975ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாக மேற்கொண்டவர்.

தனிமரம் தோப்பாதல்

நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க நரம்பியல் வல்லுநர்களே இருந்த 1951ஆம் ஆண்டில், நால்வர் கூடி இந்திய நரம்பியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். அறுவை மருத்துவர்களான ஜேக்கப் சாண்டி, இராமமூர்த்தி ஆகியோரும், நரம்பியல் மருத்துவர்களான எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் அந்நால்வர். அறுவை மருத்துவமும் நரம்பியல் மருத்துவமும் பல நாடுகளில் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்து நிற்க, இங்கு அவை தொடக்கம் முதலே ஒரே குடையின்கீழ் அமைந்தன. கழகத்தின் ஆய்விதழ் 1953ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. நால்வரில் தொடங்கிய கழகம் இன்று ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்டுள்ளது.

இந்திய மாணவர்க்கு இந்தியப் பட்டறிவைக் கூறும் பாடநூல் வேண்டும் என்னும் நோக்கில், தில்லியைச் சேர்ந்த மருத்துவர் பி.என். டாண்டனோடு இணைந்து நரம்பியல் அறுவை மருத்துவப் பாடநூலை இராமமூர்த்தி பதிப்பித்தார். அது 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. காசநோய்க் கட்டி போன்ற நம் நாட்டு நோய்கள் அந்நூலில் உரிய இடம் பெற்றன. நடுவண் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. உலக நரம்பியல் அறுவை மருத்துவக் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்பும் அவரை நாடி வந்தது. 1989ஆம் ஆண்டில் அக்கூட்டமைப்பின் உலகப் பேரவை புது தில்லியில் கூடியது. நாற்பதாண்டுகளுக்கு முன் இத்துறையே இல்லாதிருந்த நாட்டிற்கு உலகின் வல்லுநர்கள் கருத்துரையாட வந்தனர்.

எளியோர்க்கான மருத்துவம்

மருத்துவர் கே.எஸ். சஞ்சீவி 1958ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் தன்னார்வ நலவாழ்வுப் பணி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வருவாய்க்கேற்பக் கட்டணம், வறியவர்க்குக் கட்டணமில்லா மருத்துவம் என்பது அதன் கொள்கை. அங்கு மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதியின் பெயரால் நரம்பியல் அறுவை மருத்துவ மையத்தை அமைப்பதில் இராமமூர்த்தி முன்னின்றார். அரசுப் பணிக்குப் பிந்தைய காலத்தில் அம்மையமே அவருடைய உழைப்பின் களமாயிற்று. மூளை அறுவைக்குச் செலவு மிகுதி. குடும்பத் தலைவர் நோயுற்றால் வருவாயும் நின்றுவிடும். அந்நிலையில் நிலத்தை விற்று மருத்துவம் செய்துகொண்டவர், நலம்பெற்றுத் திரும்பினாலும் வாழ்வை இழந்தவராவார். உயிரைக் காப்பதோடு வாழ்வாதாரத்தையும் காப்பதே முழுமையான மருத்துவம் என்னும் நெறி அம்மையத்தின் அடிப்படையாகும்.

மூளையும் உணர்வும்

மனித மூளையைக் கண்முன் கண்டு பணியாற்றியவர் இராமமூர்த்தி. ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள அவ்வுறுப்பில் அன்பும் அச்சமும் நான் என்னும் உணர்வும் எவ்வாறு எழுகின்றன என்னும் வினா அவரை விடாது தொடர்ந்தது. யோகத்திலும் இந்திய மெய்யியலிலும் ஈடுபாடு கொண்ட அவர், விழிப்பு, கனவு, உறக்கம் ஆகியவற்றைக் கடந்ததாக மெய்யியலார் கூறும் துரியம் என்னும் நான்காம் நிலையைப் பற்றி 1995ஆம் ஆண்டில் மருத்துவ ஆய்விதழில் கட்டுரை எழுதினார். எழுபது அகவையைக் கடந்தபின்னும் அவர் மாணவராகவே இருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

தம் வாழ்க்கை வரலாற்றை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். ‘அப்ஹில் ஆல் தி வே’ என்பது அந்நூலின் பெயர். பாதை முழுவதும் ஏற்றமே என்பது அதன் பொருள். விருதுகளையும் பதவிகளையும் பெற்ற ஒருவர், தம் வாழ்வை வெற்றிகளின் வரிசையாகக் காணாமல் ஓயாத ஏற்றமாகவே கண்டார் என்பது எண்ணத்தக்கது. 2003ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

குறைந்த தொலைவு

உத்தனப்பள்ளியைச் சூழ்ந்த நிலம் இன்று பெரிதும் மாறிவிட்டது. 1970களில் ஓசூரில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையைத் தொடர்ந்து தொழிற்சாலைகள் பெருகின. மாட்டுவண்டிகள் சென்ற சாலைகளில் சரக்குந்துகளும் தொழிலாளர் பேருந்துகளும் இரவு பகலாக விரைகின்றன. விபத்துகளுக்கான வாய்ப்பும் அவற்றோடு பெருகியுள்ளது. ஆயினும், அன்றிருந்த கையறு நிலை இன்றில்லை. 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வருகிறது. சாலை விபத்தில் சிக்கியோர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021ஆம் ஆண்டு முதல் செயல்படுகிறது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்துள்ளது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் இயங்குகிறது. மூளைக் குருதிக்குழாய்க்கும் தண்டுவடத்திற்கும் உரிய அறுவை மருத்துவம், ஒரு பகற்பொழுதிற்குள் சென்றடையத்தக்க தொலைவிற்கு வந்துவிட்டது.

அத்தொலைவைக் குறைத்தவை சாலைகளும் ஊர்திகளும் மட்டுமல்ல. ஒருவர் கற்றுவந்ததைப் பலருக்குக் கற்பித்ததும், அப்பலர் மேலும் பலரை உருவாக்கியதுமே அத்தொலைவைக் குறைத்தன. எஞ்சியுள்ள தொலைவைக் குறைப்பது நம் கையில் உள்ளது. தலைக்கவசம் அணிதலும், அடிபட்டவரைச் சூழ்ந்து நின்று காலம் தாழ்த்தாமல் உடனே ஊர்தியை அழைத்தலும், கழுத்தும் முதுகும் வளையாதவாறு அவரைத் தூக்குதலும் மருத்துவப் பட்டம் இல்லாதவர்களும் செய்யக்கூடியவை. அறுவை அரங்கில் ஒரு மருத்துவரின் கைகள் செய்யும் பணி, சாலையோரத்தில் நிற்கும் நம் கைகளிலிருந்தே தொடங்குகிறது.

அருஞ்சொற்பொருள்

அகவை – வயது
கையறு நிலை – செய்வதறியாத நிலை
கடியது – கடினமானது
பட்டறிவு – அனுபவ அறிவு
இசைவு – ஒப்புதல்
அருகின – குறைந்தன

கற்பவை கற்றபின்

1. தலையில் அடிபட்டவர் எழுந்து பேசினாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியதன் காரணத்தைப் பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்கி, உங்கள் ஊர் மக்களுக்கான விழிப்புணர்வுத் துண்டறிக்கை ஒன்றை உருவாக்குக.

2. செய்ய இயல்வதனைத்தும் செய்யத்தக்கன அல்ல என்னும் கருத்தை மையமாகக் கொண்டு, அறிவியலும் அறமும் என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் மாவட்டத்தில் மருத்துவம், கல்வி ஆகிய துறைகளில் முன்னோடியாக விளங்கியவர் ஒருவரின் பணியைப் பெரியோரிடம் கேட்டறிந்து, இரண்டு பக்க அளவில் வாழ்க்கைக் குறிப்பு எழுதுக.